லண்டனில் நாடகம்: தூண் மறைக்காத இடம்

லண்டனில் நான் பார்த்த முதல் நாடகத்தில் பாதியைத்தான் பார்த்தேன். மீதிப் பாதி ஓர் இரும்புத் தூணுக்குப் பின்னால் நடந்தது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டாகத் தேடி வாங்கியிருந்தேன். 'பார்வை தடைபடும் இடம்' என்று அதில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். படிக்காமல் இல்லை. ஒரு தூண் என்ன பெரிதாக மறைத்துவிடும் என்று நினைத்ததுதான் தப்பு. மேடையின் இடப்பக்கம் நின்று கதாநாயகி அழுதாள், அவளைப் பார்த்தேன். அவளை அழவைத்தவன் வலப்பக்கம் இருந்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

அன்று கற்றுக்கொண்டது இதுதான். எந்த நாடகம் பார்ப்பது என்று யோசிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது எந்த இருக்கை என்று யோசிக்கவும் ஒதுக்க வேண்டும். பணம் நிறைய இருந்தால் இந்தக் கவலை இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிறது. ஒரு பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் காலம் இது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'தியேட்டருக்குப் போகிறேன்' என்று நம்மூரில் சொன்னால் சினிமா. லண்டன்காரர் சொன்னால் அது நாடகம். 'பாக்ஸ் ஆபீஸ்' என்றால் நமக்குப் பட வசூல். அங்கே அது டிக்கெட் கொடுக்கும் கவுன்ட்டர், அவ்வளவுதான்.

'வெஸ்ட் எண்ட்' என்று அவர்கள் சொல்லும் பகுதியில் சுமார் நாற்பது நாடக அரங்குகள் இருக்கின்றன. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, ஸ்ட்ராண்ட், டுரூரி லேன், ஹேமார்க்கெட் என்று சில தெருக்களுக்குள்ளேயே பெரும்பாலானவை அடங்கிவிடும். லெஸ்டர் ஸ்கொயர் அல்லது பிக்கடிலி சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே சுற்றி வரலாம். பெரும்பாலான கட்டடங்கள் 1880க்கும் 1914க்கும் இடையில் எழுந்தவை. வாசல் சின்னதாக இருக்கும். உள்ளே போனால் சிவப்பு வெல்வெட், தங்க முலாம், கூரையில் பறக்கும் குழந்தை தேவதைகள். காலை நீட்டத்தான் இடம் இருக்காது. நூறு வருடத்துக்கு முந்தைய உடம்புக்கு அளவெடுத்துப் போட்ட நாற்காலிகள்.

இருக்கைகளின் பெயரைத் தெரிந்துகொள்வது அவசியம். தரைத்தளத்தில் இருப்பது 'ஸ்டால்ஸ்'. அதற்கு மேல் முதல் மாடி 'டிரெஸ் சர்க்கிள்', சில அரங்குகளில் 'ராயல் சர்க்கிள்'. மாலை உடுப்பு அணிந்த கனவான்களும் சீமாட்டிகளும் உட்கார்ந்த இடம், அதனால் வந்த பெயர். அதற்கு மேலே 'அப்பர் சர்க்கிள்' அல்லது 'கிராண்ட் சர்க்கிள்'. எல்லாவற்றுக்கும் மேலே 'பால்கனி'. அந்த உச்சி மாடிக்குச் செல்லப்பெயர் 'காட்ஸ்', அதாவது கடவுள்கள். கூரைச் சித்திரத்து தேவதைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்கிறோம் இல்லையா?

நம்மூர் டூரிங் கொட்டகைக் கணக்கு இங்கே தலைகீழ். அங்கே திரைக்கு அருகே தரை டிக்கெட், அதுதான் மலிவு. பெஞ்சு, நாற்காலி என்று பின்னால் போகப் போக விலை ஏறும். லண்டனில் மேடைக்கு அருகே விலை அதிகம், மாடி ஏற ஏற விலை இறங்கும். காரணம் எளிது. சினிமாவில் முகம் இருபதடி உயரத்துக்கு விரிகிறது, தள்ளி உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். நாடகத்தில் முகம் முகத்தளவுதான். பேர்பெற்ற இசைநாடகத்தில் நல்ல இடம் 100 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும். சினிமா நட்சத்திரம் யாராவது நடித்தால் 200க்கு மேலும் போகும். அதே கூரைக்கு அடியில் உச்சி மாடியில் 25, 30 பவுண்டுக்கும் இடம் இருக்கும்.

விலை அதிகமாக இருப்பதாலேயே நல்ல இடம் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்டால்ஸின் கடைசி வரிசைகளில் மேலேயுள்ள மாடியின் அடிப்பாகம் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். மேடையின் மேல்பாதி தெரியாது. இசைநாடகத்தில் உயரத்திலிருந்து எதையாவது இறக்குவார்கள், எல்லோரும் 'ஆ' என்பார்கள், நீங்கள் மட்டும் என்ன நடந்தது என்று பக்கத்தில் கேட்பீர்கள். அப்பர் சர்க்கிளின் முதல் வரிசையிலோ கண்ணுக்கு நேரே பாதுகாப்புக் கம்பி ஓடும். அதற்கு இரண்டாவது, மூன்றாவது வரிசையின் நடுப்பகுதி எவ்வளவோ மேல். என் தேர்வைக் கேட்டால், ஆட்டமும் கூட்டமுமாக இருக்கும் இசைநாடகத்துக்கு டிரெஸ் சர்க்கிளின் முன்வரிசை. நாலு பேர் ஓர் அறைக்குள் பேசிக்கொள்ளும் நாடகத்துக்கு ஸ்டால்ஸில் ஐந்தாம் வரிசையிலிருந்து பத்தாம் வரிசைக்குள். பை மெலிந்திருந்தால் அப்பர் சர்க்கிள் நடு. அதற்கும் கீழே விலை இறங்கினால் அங்கே தூண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தூண் அங்கே ஏன் வந்தது? மாடிகளைத் தாங்குவதற்கு அன்றைக்கு வேறு வழி தெரியாது. கீழிருந்து வார்ப்பிரும்புத் தூண் கொடுத்து நிறுத்தினார்கள். பிறகு எஃகு வந்தது. விட்டத்தின் ஒரு முனையைச் சுவருக்குள் ஆழப் பதித்துவிட்டு மறுமுனையை அந்தரத்தில் விடலாம் என்றானது. நம் வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நிற்பதும் இதே முறையில்தான். இதை நாடக மாடிகளுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் மேட்சம் என்ற கட்டடக் கலைஞர். அவர் கட்டி 1904இல் திறந்த கொலீசியத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். டிக்கெட் வாங்கும்போது அரங்கின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃகு விட்டம் வருவதற்கு முந்தைய அரங்கு என்றால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

உச்சி மாடிக்கு இன்னொரு கதையும் உண்டு. பல பழைய அரங்குகளில் பால்கனிக்காரர்கள் முன்வாசல் வழியாக நுழைய முடியாது. பக்கத்துச் சந்தில் தனிக் கதவு, தனிப் படிக்கட்டு. சீமாட்டிகளின் பட்டுப் பாவாடை தொழிலாளியின் மேல் உரசிவிடக் கூடாது என்ற ஏற்பாடு. சில இடங்களில் இன்றைக்கும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறுகிறோம். வெல்வெட் கிடையாது, மார்பிள் கிடையாது, வெறும் சுண்ணாம்புச் சுவர். 1887இல் இங்கிலாந்தின் தென்மேற்கே எக்ஸிட்டர் நகரில், திறந்து ஓராண்டுகூட ஆகாத நாடக அரங்கு ஒன்று தீப்பிடித்தது. 186 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அந்த மலிவு மாடியில் இருந்தவர்கள். அவர்கள் இறங்குவதற்குச் சரியான வழி இல்லை. அதன் பிறகுதான் வெளியேறும் வாசல்கள் பற்றிய விதிகள் இறுகின.

இடைவேளையில் மேடை முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு கனத்த திரை இறங்கும், கவனியுங்கள். மேடையில் தீப்பிடித்தால் பார்வையாளர் பக்கம் பரவாமல் தடுக்கும் தீத்திரை அது. ஒழுங்காக இறங்குகிறது என்பதைப் பார்வையாளர் கண்முன்னே காட்ட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அந்தக் காலத்தில் இது இரும்பால் ஆனது. சோவியத் காலத்து அரசியல் செய்திகளில் நாம் படித்த 'இரும்புத்திரை' என்ற சொல் பிறந்ததே இங்கிருந்துதான். டுரூரி லேன் அரங்கில் 1794இலேயே இப்படி ஒரு திரை போட்டுப் பெருமையடித்துக்கொண்டார்கள். 1809இல் அந்த அரங்கு எரிந்து சாம்பலானது. அதன் உரிமையாளர், நாடகாசிரியர் ஷெரிடன், எதிரே ஒரு விடுதியில் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட்டவர்களிடம், சொந்த அடுப்பங்கரையில் ஒருவன் நிம்மதியாக ஒரு கோப்பை குடிக்கக் கூடாதா என்றாராம். இப்போது அங்கே இருக்கும் கட்டடம் 1812இல் வந்தது. அந்த மனையில் நிற்கும் நான்காவது அரங்கு அது.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். முதல் வழி, அந்தந்த அரங்கின் சொந்த இணையதளம் அல்லது கவுன்ட்டர். இடைத்தரகர் தளங்களில் அதே இருக்கைக்குக் கட்டணத்தின் மேல் கட்டணம் ஏறும். இரண்டாவது, லெஸ்டர் ஸ்கொயரில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கும் டி.கே.டி.எஸ். கூண்டு. லண்டன் நாடக அரங்குகளின் சங்கமே 1980 முதல் நடத்துவது. விற்காமல் மிஞ்சிய இடங்களைக் குறைந்த விலைக்கு அங்கே தருவார்கள். பக்கத்துக் கடைகளிலும் 'பாதி விலை' என்று பலகை தொங்கும், அவை வேறு. மூன்றாவது, அன்றன்றைக்கு விற்கும் மலிவு டிக்கெட்டுகள். காலையில் கவுன்ட்டர் திறக்கும்போதோ செல்போன் செயலியிலோ சில இடங்களை ஒதுக்கித் தருவார்கள். 'ஹாமில்டன்' போன்ற இசைநாடகத்தில் குலுக்கல் முறையில் 10 பவுண்டு டிக்கெட்டும் உண்டு. பெயர் கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டும். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தனியாகப் போகிறவருக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. எல்லோரும் இரண்டிரண்டாக வாங்குவதால் நல்ல வரிசைகளிலும் நடுவில் ஒற்றை இருக்கை மிஞ்சும். கடைசி நாளில் அது விலை இறங்கும். குடும்பத்தோடு போவதென்றால் ஆகஸ்ட் மாதத்தைக் கவனியுங்கள். பெரியவர் ஒருவர் டிக்கெட் எடுத்தால் கூட வரும் குழந்தைக்கு இலவசம் என்ற திட்டத்தில் பல நாடகங்கள் சேரும். வார நடுவில் நடக்கும் பகல் காட்சிகளும் சனிக்கிழமை இரவைவிட மலிவு.

மாலைக் காட்சி பெரும்பாலும் 7.30 மணிக்கு. 7.30 என்றால் 7.30தான். தாமதமாக வந்தால் காட்சி மாறும் இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். உடுப்புக்கு விதி ஒன்றும் கிடையாது, ஜீன்ஸில் போகலாம். கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு குறுகலான இருக்கையில் திணறுவதைவிடக் கோட்டு வைக்கும் அறையில் கொடுத்துவிடுவது உத்தமம். நடிகர்களின் பெயர் அச்சிட்ட புத்தகம் இலவசமில்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 'இன்று இன்னாருக்குப் பதிலாக இன்னார்' என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். மாற்று நடிகர்கள் பலர் அந்த ஓர் இரவுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். அன்றைக்கு உயிரைக் கொடுத்து நடிப்பார்கள்.

இடைவேளை பதினைந்து, இருபது நிமிடம். ஐஸ்கிரீம் விற்பவர் மேடைக்கு முன்னால் தட்டோடு வந்து நிற்பார். சின்னக் கிண்ணம், பெரிய விலை, ஆனாலும் எல்லோரும் வாங்குகிறார்கள். மது வேண்டுமென்றால் முன்னதாகவே சொல்லிவைக்கலாம், உங்கள் பெயரெழுதிய சீட்டோடு மேசையில் காத்திருக்கும். பெண்கள் கழிப்பறை வரிசைதான் பெரிய துன்பம். இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் அதை யோசிக்கவே இல்லை. விளக்கு எரிந்ததும் எழுந்து ஓடிவிடுங்கள்.

எதைப் பார்ப்பது? அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. கொரோனா முடக்கத்தில் மட்டும் நின்று, 2021 மே மாதம் மறுபடி தொடங்கி, இன்றும் ஓடுகிறது. முதல் குழுவில் சார்ஜென்ட்டாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ, பின்னாளில் 'காந்தி' படம் எடுத்தவர். கொலைகாரர் யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என நாடகம் முடிந்ததும் பார்வையாளரிடம் கேட்டுக்கொள்வார்கள். நானும் சொல்லவில்லை. நாடகமாக அது சுமார்தான் என்பது என் கருத்து. 'லே மிசரபில்' 1985 முதலும் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' 1986 முதலும் லண்டனில் இருக்கின்றன. ஆங்கிலப் பேச்சு வேகமாக வந்தால் தடுமாறுகிறவர்களுக்கு இவை வசதி, பாட்டும் காட்சியும் கதையை இழுத்துப் போய்விடும். பேச்சு நாடகம் என்றால் பிரதியை முன்பே படித்துவிட்டுப் போகலாம். வசனம் எழுத்தில் ஓடும் சிறப்புக் காட்சிகளும் உண்டு.

பேச்சு நாடகத்துக்கு என் முதல் ஓட்டு வெஸ்ட் எண்டுக்கு இல்லை, தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் இருக்கும் நேஷனல் தியேட்டருக்கு. 1963இல் லாரன்ஸ் ஒலிவியர் தலைமையில் தொடங்கிய குழு, 1976இல் இந்தச் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. டெனிஸ் லாஸ்டன் வடிவமைத்த சாம்பல் நிறக் கான்கிரீட் மலை. இளவரசராக இருந்தபோது சார்லஸ் இதை அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். வெளித்தோற்றத்துக்கு அந்தக் கேலி பொருந்தும். உள்ளே போனால் வாயடைத்துப் போவீர்கள். ஒலிவியர் என்ற பெரிய அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், பழைய கிரேக்க அரங்குபோல விசிறியாய் விரிந்தவை. எங்கும் தூண் இல்லை. கடைசி வரிசைக்கும் மேடை தெரியும். டிக்கெட் இல்லாவிட்டாலும் முகப்புக் கூடங்களில் பகல் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

அந்த ஒலிவியர் மேடையில் 2022இல் 'தி ஃபாதர் அண்ட் தி அசாசின்' அரங்கேறியது. கோட்சேயைப் பற்றிய நாடகம். எழுதியவர் சென்னையில் வாழும் அனுபமா சந்திரசேகர். இயக்கியவர் இந்து ருபசிங்கம், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். இதே இருவரும் 2007இல் ராயல் கோர்ட் அரங்கின் சின்ன மாடி அறையில் 'ஃப்ரீ அவுட்கோயிங்' நாடகத்தைச் செய்திருந்தார்கள். பள்ளி மாணவி ஒருத்தியின் அந்தரங்க வீடியோ செல்போனில் பரவ, ஒரு சென்னைக் குடும்பம் வீட்டுக்குள் முடங்கிப் போகும் கதை. அந்தப் பெண் மேடைக்கு வரவே மாட்டாள். அதில் அம்மாவாக நடித்த லொலிதா சக்ரவர்த்திதான் பின்னாளில் 'லைஃப் ஆஃப் பை' நாவலை நாடகமாக்கினார். பாண்டிச்சேரியில் தொடங்கும் அந்தக் கதையில் புலியை ஆட்டுவித்த ஏழு பேருக்கும் சேர்த்து 2022இல் சிறந்த துணை நடிகருக்கான ஒலிவியர் விருது கொடுத்தார்கள். பொம்மைக்குள்ளும் வெளியிலுமாக மனிதர்கள் நிற்பது அப்பட்டமாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் புலி மட்டும்தான் கண்ணில் நிற்கும். இந்து ருபசிங்கம் 2025 முதல் நேஷனல் தியேட்டருக்கே இயக்குநர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

நேஷனல் தியேட்டரிலிருந்து ஆற்றோரமாகவே கிழக்கே அரைமணி நேரத்துக்குக் குறைவாக நடந்தால் ஷேக்ஸ்பியரின் குளோப். அவர் காலத்து அரங்கு 1599இல் எழுந்தது. 1613இல் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தின்போது சுட்ட பீரங்கியின் தீப்பொறி கூரை வைக்கோலில் பட்டு முழுதும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் பற்றிய தீயைப் பீர் ஊற்றி அணைத்தார்கள். இப்போதுள்ள குளோப், பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி 1997இல் திறந்த மறுபதிப்பு. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. திறப்பைப் பார்க்காமலே 1993இல் அவர் இறந்துபோனார். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் கூரை வேய்ந்த முதல் கட்டடம் இதுதான். இம்முறை கூரையில் தண்ணீர்க் குழாய்களும் உண்டு.

சுற்றிலும் மூன்று அடுக்கில் மர பெஞ்சுகள், காசு கொடுத்தால் திண்டு கிடைக்கும். நடுவே திறந்த முற்றம். அங்கே சுமார் 700 பேர் நின்றுகொண்டு பார்க்கலாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் நிற்க ஒரு பென்னி. இப்போது 5 பவுண்டிலிருந்து 10 பவுண்டுக்குள். லண்டனில் இதைவிடக் குறைந்த விலைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம், நடிகரின் செருப்பு உங்கள் மூக்குக்கு நேரே இருக்கும். பகல் வெளிச்சத்தில் அவருக்கும் உங்கள் முகம் தெரியும், சில வசனங்களை உங்களைப் பார்த்தே சொல்வார். கால் வலிக்கத்தான் செய்யும். நாடகம் நடக்கும்போது தரையில் உட்காரவும் விட மாட்டார்கள்.

இங்கேயும் தூண் உண்டு. மேடையின் கூரையைத் தாங்கி மேடைமேலேயே இரண்டு பெரிய தூண்கள் நிற்கின்றன. ஆனால் நிற்கிறவர் இரண்டடி நகர்ந்துகொள்ளலாம். ஏப்ரல், மே வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை காட்சிகள். மழை வந்தாலும் நாடகம் நிற்காது, முற்றத்தில் குடை விரிக்க அனுமதி இல்லை. ரெயின்கோட் எடுத்துக்கொண்டு போங்கள்.